பின் இருக்கை

எண்பத்தாறு கிலோ. இன்ஜின் மட்டும்.
பலகையைச் சாய்த்து, கயிற்றை இழுத்து
ஆம்னியின் வயிற்றுக்குள் ஏற்றும்போது
அயனாவரத்தில் மணி நாலரை.
பால் பாக்கெட் போடுகிற பையன்
சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு ஒரு கை கொடுப்பான்.
"இன்னிக்கு எந்த ஊருக்கு சார் ரயிலு?"
"கோவளம் எக்ஸ்பிரஸ்" என்பாள் சுகிர்தா,
தெர்மாஸை மடியில் இருத்திக்கொண்டு.

கீழ்ப்பாக்கத்தில் நீலத் தகரம்.
மெட்ரோவுக்காகத் தெருவை அறுத்துப் போட்டிருக்கிறார்கள்.
ஓர் அம்புக்குறி இடது என்கிறது, அடுத்தது வலது,
மூன்றாவது சாய்ந்து கிடந்து வானத்தைக் காட்டுகிறது.
பெரிய ரயிலுக்கு வழிவிட்டு
எங்கள் சின்ன ரயில்
சேத்துப்பட்டு சந்துகளில் முட்டி முட்டித் திரும்புகிறது.
ஒவ்வொரு வேகத்தடையிலும்
பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம்.
"இடது பக்க பஃபர்" என்பாள், திரும்பிப் பார்க்காமலே.

அவள் கிண்டியில் ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு
முப்பத்தோரு வருஷம் லேத் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள்.
சக்கரம், அச்சு, பிரேக் கட்டை, எல்லாம் அவள் கடைந்தது.
நான் எல்.ஐ.சி.
எனக்குப் பழக்கமான ஒரே இரும்பு ஸ்டேப்ளர்.
பெயிண்ட் அடித்தது நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஃபாஸ்டேக் படிக்க மறுத்த உத்தண்டிச் சாவடியில்
டார்ச் அடித்துப் பார்த்தவன் கேட்டான்:
"உள்ள என்னம்மா?"
"ரயில்."
கொஞ்ச நேரம் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தான்.
பிறகு காருக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டான்.

பல் டாக்டர் உமாபதியின் சவுக்குத் தோப்பு.
ஏழேகால் அங்குல அகலத்தில் தண்டவாளம்,
முந்நூற்று நாற்பது மீட்டர்,
ஏறிய இடத்திலேயே இறங்கிக்கொள்ளும் பயணம்.
"நாலு நிமிஷத்துக்கா ரெண்டு மணி நேரம் போறீங்க?"
கோவையிலிருந்து மகள் கேட்கிறாள்.
அவளிடம் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

போன மாதம் ஒரு வெள்ளாடு
வளைவில் படுத்துக்கொண்டு எழ மறுத்தது.
தடம் புரண்டோம்.
உயிர்ச்சேதம் இல்லை. ஆறங்குல உயரத்திலிருந்து
சவுக்கு ஊசிகளின் மேல் நான் மெதுவாக உருண்டேன்.
சுகிர்தா முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தாள்,
பிறகு ஆட்டை,
பிறகு என்னை.

ஓட்டுவது அவள். நான் பின்னால்,
முட்டி காதைத் தொடும்படி குந்தி,
மடியில் பச்சைக் கொடியோடு.
இருபத்தாறு வருஷம் என் சேத்தக்கில்
அவள் இப்படி என் முதுகுக்குப் பின்னால் இருந்தாள்.
ஒருநாள் கேட்டேன்,
"அவ்வளவு வருஷமும் என்ன பார்த்துக்கிட்டு வந்தே?"
"உங்க காலர் அழுக்கை."

இன்று ஏழாவது சுற்றில்
கொண்டைக்குக் கீழே, சங்கிலிக்கு ஒரு விரல் மேலே,
அரிசி நீளத்தில் ஒரு வெள்ளைத் தழும்பைப் பார்த்தேன்.
"இது என்ன சுகிர்தா?"
"சூடான பிசிறு தெறிச்சது. எண்பத்தொன்பதுல.
அன்னைக்கே சொன்னேனே."
"எப்போ சொன்னே?"
"ஸ்கூட்டர்ல. வீட்டுக்கு வர்ற வழியில.
காத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது."

ரயில் போய்க்கொண்டிருந்தது,
மனிதர் நடக்கும் வேகத்தில்.
முன்னால் இருப்பவள் முணுமுணுத்தால்கூட
பின்னால் இருப்பவனுக்குக் கேட்கிறது.
"வேற என்னல்லாம் சொன்னே?" என்றேன்.

வளைவு வந்தது. அதே ஆடு.
லாரி ஹாரனை ஒருமுறை அழுத்தினாள்,
அது எழுந்து போகும்வரை காத்திருந்தாள்.
பிறகு, கைப்பிடியைத் தள்ளிக்கொண்டே,
"எண்பத்தேழுலேர்ந்து ஆரம்பிக்கட்டுமா?" என்றாள்.